ஹோம்ல இருக்கற அம்மா அப்பாவ நடக்க வைக்கறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூர் பக்கத்துல மூணு முதியோர் இல்லத்துக்கு வாரத்துல மாறி மாறி போய்ட்டு வரேன். ஞாயித்துக்கிழமை பாக்க வர்ற மகன் மகளுங்க வராண்டாவுல நிறுத்தி கேக்கற கேள்வியும், துபாய்ல சிங்கப்பூர்ல இருந்து ராத்திரி வாய்ஸ் நோட் போடறவங்க கேக்கற கேள்வியும் பெரும்பாலும் ஒண்ணு தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதி வச்சுட்டா அனுப்பிடலாம்னு உக்காந்து எழுதினது இது. கொஞ்சம் நீளமா தான் இருக்கும், பொறுமையா படிங்க.

அம்மாவுக்கு 86 வயசாச்சு. ஹோம்ல சேத்ததே நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டும்னு தான். இனிமே எதுக்குங்க எக்சர்சைஸ் எல்லாம்?

இத கேக்காத குடும்பமே இல்ல. பாசத்துல கேக்கறீங்க, புரியுது. ஆனா அந்த வயசுல ரெஸ்ட் ரொம்ப சீக்கிரமா தசைய கரைக்கும். 2007-ல வந்த ஒரு ஆராய்ச்சில, நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயசுள்ள ஆளுங்கள வெறும் 10 நாள் படுக்கையிலயே இருக்க வச்சு பாத்தாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிருச்சு. நல்லா இருந்தவங்களுக்கே 10 நாள்ல அப்படின்னா, 86 வயசுல காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து எந்திரிக்கற அம்மாவுக்கு என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. "காய்ச்சல் வர்ற வரைக்கும் நல்லா தான் நடந்தாங்க, அதுக்கப்புறம் என்னமோ ஆயிருச்சு"ன்னு சொல்லுவீங்க பாருங்க, அது தான் இது.

நல்ல சேதி என்னன்னா போன பலம் திரும்பி வரும், வயசு தடையே இல்ல. 1990-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு முதியோர் காப்பகத்துல 86-ல இருந்து 96 வயசு வரைக்கும் இருந்த 10 பேருக்கு கால் தசைக்கு எடை வச்சு 8 வாரம் பயிற்சி குடுத்தாங்க. முடிச்ச 9 பேருக்கு தொடை பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. ஓடியாடற ஆளுங்கள வச்சு பண்ணல, தளர்ந்து போய் காப்பகத்துல இருந்தவங்கள வச்சு தான் பண்ணாங்க.

நடந்தா விழுந்துடுவாங்களே? ஹோம் ஆளுங்களே "உக்காந்தே இருங்க பாட்டி"ன்னு தான சொல்றாங்க?

விழுவாங்கங்கற பயம் எனக்கும் இருக்கு. இடுப்பு எலும்பு உடைஞ்ச பாட்டிங்கள நான் தினமும் பாக்கறேன், அந்த வலி எப்படின்னு எனக்கு தெரியும். அதனால தான் சொல்றேன், விழக்கூடாதுன்னு உக்கார வச்சா விழறது நிக்காது, சீக்கிரம் தான் வரும். எப்படின்னா, மூணு மாசம் நாற்காலியிலயே இருந்தா தொடை சூம்பிடும், பாதத்துக்கு தரை எங்க இருக்குன்னு சரியா உணர முடியாம போயிரும், நின்ன உடனே பிரஷர் இறங்கி தலை கிறுகிறுன்னு வரும். அந்த நெலமையில ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் வந்துரும், யாரையும் கூப்பிட கூச்சப்பட்டு தானா எந்திரிப்பாங்க. அப்ப தான் விழறாங்க. நாங்க கூட்டிட்டு போய் நடக்க வைக்கும் போது விழுந்தவங்கள விட, ஆளில்லாத நேரத்துல தனியா எந்திரிச்சு விழுந்தவங்க தான் நான் பாத்ததுல ஜாஸ்தி.

விழாம இருக்க பாக்க வேண்டியது வேற. கட்டில் உயரம் சரியா இருக்கா, உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா படியணும். பாத்ரூம் தரை எந்நேரமும் ஈரமா இருக்கா. ராத்திரி கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் வெளிச்சம் இருக்கா. நைட்டி பாதத்துக்கு கீழ தொங்குதா, வேட்டி தரையில இழுபடுதா. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எப்ப குடுக்கறாங்க. கண்ணாடி பவர் கடைசியா எப்ப பாத்தது.

செருப்ப பத்தி தனியா சொல்லணும். நிறைய பேர் போட்டிருக்கறது பழைய ஹவாய் செருப்பு, குதிகால் பக்கம் வழுவழுன்னு தேஞ்சிருக்கும், அது கழண்டுடக்கூடாதுன்னு விரல இறுக்கி பிடிச்சுட்டே காலை தேச்சு தேச்சு நடப்பாங்க. பின்னாடி பட்டி வச்ச, அடி சொரசொரப்பா இருக்கற செருப்பு ஒண்ணு வாங்கி குடுங்க, நடையே மாறிடும். அடுத்த தடவ போகும் போது ஸ்வீட் பாக்ஸுக்கு முன்னாடி இத வாங்கிட்டு போங்க.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பண்ணணும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது, 65 வயசுக்கு மேல உள்ளவங்க வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, அது கூட வாரம் 3 நாளாவது பேலன்ஸும் பலமும் சேந்த பயிற்சி. ஆனா ஹோம்ல இருக்கறவங்க நிறைய பேருக்கு 150 நிமிஷம் எட்டாது, அந்த கணக்க கேட்டு யாரும் மலைச்சு போக வேணாம், அதே வழிகாட்டுதல்லயே கொஞ்சமா பண்ணாலும் சும்மா இருக்கறதுக்கு மேல தான்னு இருக்கு. முதியோர் இல்லத்துல இருக்கறவங்களுக்குன்னே ஒரு நிபுணர் குழு 2016-ல பரிந்துரை குடுத்தாங்க, வாரம் ரெண்டு தடவ, 35-ல இருந்து 45 நிமிஷம், அதோட மத்த நேரத்துல ஒரேயடியா உக்காந்திருக்கறத குறைக்கணும்னு.

என் அனுபவத்துல அந்த ரெண்டாவது விஷயம் தான் பெருசு. வாரம் ரெண்டு நாள் நான் வந்து பண்ண வச்சுட்டு போனா மீதி அஞ்சு நாள்? காலையில காபி, குளியல், டிபன், அப்புறம் ஹால்ல டிவி முன்னாடி உக்கார வச்சா மதிய சாப்பாட்டுக்கு தான் எந்திரிக்கறாங்க. சில இடத்துல சாப்பாடும் அந்த நாற்காலிக்கே வந்துருது. டைனிங் ஹாலுக்கு நடந்து போய் சாப்பிட்டுட்டு வந்தா மூணு வேளைக்கு ஆறு நடை, அத முதல்ல கேட்டு வாங்குங்க.

சரி, என்ன எக்சர்சைஸ் பண்ண வைக்கறது?

ஒண்ணே ஒண்ணு தான் நேரம் இருக்குன்னா நாற்காலியில இருந்து எந்திரிச்சு உக்கார்றது. கை வச்ச, ஆடாத நாற்காலி, சுவத்த ஒட்டி போட்டது. இடுப்ப முன்னாடி நகத்தி சீட்டோட நுனிக்கு வரணும். பாதத்த முட்டிக்கு கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கணும். மூக்கு கால் விரலுக்கு மேல வர்ற அளவு முன்னாடி சாயணும். நேரா நிமிந்து உக்காந்துகிட்டே எந்திரிக்க பாத்தா யாராலயும் முடியாது, நீங்களே இப்ப முயற்சி பண்ணி பாருங்க. முன்னாடி சாஞ்ச உடனே கைய ஊணி எந்திரி. நின்னு மூணு எண்ணு. அப்புறம் பொத்துன்னு விழாம மெதுவா உக்காரு, அந்த மெதுவா உக்கார்றதுல தான் தொடைக்கு நிறைய வேலை.

84 வயசு பாட்டி ஒருத்தங்க, முதல் நாள் ரெண்டு கையாலயும் நாற்காலி கைய பிடிச்சு, தாடை நடுங்க, அவங்க முழங்கைய அட்டெண்டர் பொண்ணு பிடிச்சுக்க, ஒரே ஒரு தடவ எந்திரிச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மூணு தடவ. ரெண்டு மாசத்துல ஒரு கைய மட்டும் ஊணி எட்டு தடவ. ஒரு நாள் நான் போறப்ப நாற்காலி காலியா இருந்துச்சு, பதறி போய் தேடினா வெளிய செம்பருத்தி செடிகிட்ட வாக்கர நிறுத்திட்டு ஒரு கையால பூ பறிச்சுட்டு இருக்காங்க, பூஜை ரூமுக்கு. அன்னைக்கு எனக்கு வேற எதுவும் வேணாம்னு இருந்துச்சு.

அது தவிர, சமையல் மேடையோ கைப்பிடி கம்பியோ பிடிச்சுட்டு குதிகால தூக்கி இறக்கறது, பக்கவாட்டுல நாலு எட்டு வச்சு திரும்பி வர்றது, ஒரு காலுக்கு முன்னாடி ஒரு கால் வச்சு நிக்கறது, உக்காந்துட்டே முட்டிய நீட்டி அஞ்சு எண்றது. முட்டி நீட்டறது சுலபமா ஆயிருச்சுன்னா கணுக்கால்ல அரை கிலோ மணல் பை கட்டுங்க. சுலபமாவே பண்ணிட்டு இருந்தா பலம் ஏறாது, கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், ஆனா பேச்சு வரணும், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா அதிகம்னு அர்த்தம்.

முன்னேற்றம் இருக்கான்னு பாக்க 30 செகண்ட்ல எத்தன தடவ எந்திரிக்கறாங்கன்னு மாசம் ஒரு தடவ எண்ணி நோட்ல எழுதி வைங்க. இன்னொண்ணு, நாற்காலியில இருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார எத்தன செகண்ட் ஆகுதுன்னு, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற அபாயம் இருக்குன்னு வச்சுக்கலாம்.

பகல்லயும் டயப்பர் போட்டுடறாங்க. அது சௌகரியம் தான?

இதுக்கு நான் நிறைய எழுதணும், ஏன்னா எனக்கு ரொம்ப மனசு வலிக்கற விஷயம் இது. ராத்திரிக்கு டயப்பர், வெளிய போறப்ப டயப்பர், நிஜமாவே கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு டயப்பர், அதெல்லாம் சரி. ஆனா பாத்ரூம் வருதுன்னு சொல்லத் தெரிஞ்ச, பிடிச்சுட்டு போனா நடக்கக்கூடிய ஒருத்தருக்கு ஆள் பத்தலன்னு பகல்லயும் போட்டு விட்டுட்டா, அவங்க அன்னாட நடையில பாதிய எடுத்துட்டோம். ஒரு நாளைக்கு ஆறு தடவ பாத்ரூம் போனா, ஆறு தடவ எந்திரிச்சு, ஆறு தடவ போய் வந்து, கோமோட்ல ஆறு தடவ உக்காந்து எந்திரிக்கறாங்க. நான் அரை மணி நேரம் சொல்லிக்குடுக்கறதுல கூட அவ்ளோ வராது.

ஒரு தாத்தா, ரிட்டயர்டு ஆளு, ஆஸ்பத்திரியில இருந்து டயப்பரோட திரும்பி வந்தாரு, அப்படியே பழகிருச்சு. முதல்ல "பாத்ரூம் போகணும்"னு சொல்லிட்டே இருந்தாரு, "போட்டிருக்குல்ல, அதுலயே போங்க தாத்தா"ன்னு பதில் வந்துச்சு. கொஞ்ச நாள்ல சொல்றத நிறுத்திட்டாரு. அப்புறம் எந்திரிக்கறத நிறுத்திட்டாரு. பேச்சும் குறைஞ்சு போச்சு. மகள் வந்து சண்டை போடாம பொறுமையா கேட்டதுல, ரெண்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டு கூட்டிட்டு போறதுன்னு அட்டவணை போட்டாங்க. மூணு வாரத்துல பகல் டயப்பர் போச்சு. நடையும் ஓரளவு வந்துச்சு, முழுசா வரல.

நீங்க கேக்க வேண்டியது இது தான்: "காலையில எந்திரிச்ச உடனே, டிபனுக்கு அப்புறம், சாப்பாட்டுக்கு முன்னாடி, டீக்கு முன்னாடி, படுக்கறதுக்கு முன்னாடி, இத்தன நேரமும் அம்மாவ நடத்தி கூட்டிட்டு போக முடியுமா?" நேரத்தோட குறிப்பிட்டு கேட்டா நடக்கும், "நல்லா பாத்துக்கங்க"ன்னு பொதுவா சொன்னா நடக்காது. ஆள் வேணும்னா மாசம் கொஞ்சம் கூட ஆகும்னு சொல்லுவாங்க, முடிஞ்சா குடுங்க, டயப்பர் செலவு குறையும்.

வாக்கர் வாங்கி குடுத்தோம், ஆனா கூன் போட்டு நடக்கறாங்க.

உயரம் தப்பு. கைய தொங்க போட்டு நேரா நிக்கும் போது வாக்கர் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரா இருக்கணும், பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும். கால்ல இருக்கற பட்டன அமுக்கி ஏத்தி இறக்கலாம், கடையில குடுத்த உயரத்துலயே வருஷக்கணக்கா வச்சிருக்கறவங்க நிறைய பேர். அப்படியே குனிஞ்சு அடியில இருக்கற ரப்பர் புஷ்ஷயும் பாருங்க. போன மாசம் ஒரு வாக்கர திருப்பி பாத்தா நாலுல ரெண்டு புஷ் தேஞ்சு ஓட்டையாகி உள்ள அலுமினியம் வெளிய தெரியுது, மொசைக் தரையில அது சர்ருன்னு வழுக்கும். மெடிக்கல் கடையிலயே புது புஷ் கிடைக்கும், உடனே மாத்திடுங்க.

கைத்தடின்னா வலிக்கற காலுக்கு எதிர் பக்க கையில பிடிக்கணும், இடது முட்டி வலின்னா வலது கை. முக்காவாசி பேர் மாத்தி தான் பிடிக்கறாங்க. படி ஏறும் போது நல்ல கால் முதல்ல, இறங்கும் போது வலிக்கற கால் முதல்ல.

முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நடந்தா இன்னும் தேயாதா?

தேயாதுங்க. அளவா நடக்கறதும் தொடை தசைய பலப்படுத்தறதும் தான் முட்டி தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே. ஆரம்பத்துல கொஞ்சம் வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள்ள பழைய நெலமைக்கு வந்துட்டா பயப்பட வேணாம், வரலன்னா கொஞ்சம் குறைச்சுக்கங்க. முட்டி வீங்கி சூடா இருந்தா அன்னைக்கு மட்டும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

அப்பாவுக்கு மறதி நோய். சொன்னா புரியறதில்ல, எப்படி பண்ண வைக்கறது?

நீளமா சொல்லாதீங்க. "எந்திரிங்க." நிறுத்தி காத்திருங்க, பத்து செகண்ட் ஆகும் அவருக்கு உள்ள போறதுக்கு. அப்புறம் "வாங்க." ஒரு நேரத்துல ஒரு வார்த்தை. பின்னாடி இருந்து தூக்காம முன்னாடி நின்னு கைய நீட்டுங்க. "எக்சர்சைஸ் பண்ணலாம்"னா வர மாட்டாரு, "வாங்கப்பா, காபி வந்துருச்சான்னு பாத்துட்டு வரலாம்"னா வருவாரு. கடை வச்சிருந்தவருகிட்ட ஷட்டர் பூட்டியாச்சான்னு பாத்துட்டு வரலாமான்னு கேட்டா, கிளம்பிடுவாரு.

இன்னொரு சங்கடம், இப்ப நிறைய ஹோம்ல அட்டெண்டர் வட மாநிலத்துல இருந்து வந்த பிள்ளைங்க, நல்ல பிள்ளைங்க, ஆனா பாஷை தெரியாது. மறதி நோய் உள்ளவங்களுக்கு தாய்மொழி தவிர மத்தது மறந்து போயிருக்கலாம். அந்த பிள்ளைங்களுக்கு ஒரு பத்து வார்த்தை நான் சொல்லிக்குடுத்தேன், எந்திரிங்க, உக்காருங்க, மெதுவா, பிடிச்சுக்கங்க, வலிக்குதா, அது மாதிரி. சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க. ஒடிசா பொண்ணு ஒருத்தி "மெதுவா பாட்டி, மெதுவா"ன்னு சொல்றத கேக்கணும் நீங்க, பாட்டிங்க அவ கூட தான் நடக்க வர்றாங்க.

சாயங்காலம் எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கறாருன்னா அடக்காதீங்க, கேட்ட பூட்டிட்டு வளாகத்துக்குள்ள கூடவே நடங்க. பசியா, பாத்ரூமா, வலியான்னு பாருங்க, பாதி நேரம் காரணம் அங்க தான் இருக்கும்.

நாற்காலியில துண்டு வச்சு கட்டி வச்சிருக்காங்க, விழாம இருக்கவாம். சரியா?

சரியில்ல. கட்டி வச்சா விழறது குறையறதில்ல, கட்ட அவுத்துட்டு வர பாத்து மோசமா விழறாங்க, புண் வருது, மனசும் ஒடிஞ்சு போகுது. அமெரிக்காவுல 1987-லயே ஹோம் சௌகரியத்துக்காக கட்டி வைக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. முதல்ல ஹோம் பொறுப்பாளர்கிட்ட நேரா பேசுங்க, ஏன் கட்டறாங்க, எந்த நேரத்துல, வேற என்ன பண்ணலாம்னு. கேக்கலன்னா மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, காலையில 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் பேசலாம், இலவசம்.

அம்மா படுத்த படுக்கை தான். அவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?

முடியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்கறது புண்ணு வராம இருக்க. அது போக, ஒரு நாளைக்கு ரெண்டு தடவயாவது கட்டில் ஓரத்துல காலை தொங்க போட்டு உக்கார வைக்க சொல்லுங்க, பின்னாடி ஒருத்தர் பிடிச்சுட்டா போதும், அஞ்சு நிமிஷம். தலைய தானா நிமித்தி வச்சுக்கறதே அவங்களுக்கு பயிற்சி. சாப்பாடு உக்காந்து தான், படுத்துட்டு ஊட்டினா புரையேறி நுரையீரலுக்கு போயிரும். தலை வார்ற சீப்ப கையில குடுங்க, டம்ளர அவங்களே பிடிக்கட்டும், கொஞ்சம் சிந்தினா சிந்தட்டும். கணுக்கால முன்னும் பின்னும் ஆட்ட சொல்லுங்க. தூக்கும் போது அக்குள்ல கை விட்டு தூக்காதீங்க, தோள்பட்டை இறங்கிடும், இடுப்புல பெல்ட் போட்டு அத பிடிச்சு தூக்கணும்.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவங்கள மறுநாளே நிக்க வைக்கறது தான் இப்ப முறை. "மூணு மாசம் அசையக்கூடாது"ன்னு யாராவது சொந்தக்காரங்க சொன்னா, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே நேரா கேட்டுக்கங்க.

புரோட்டீன் பவுடர் டின் வாங்கி குடுத்தா பலம் வருமா?

அது மட்டும் குடுத்தா வராது. 1994-ல பாஸ்டன்லயே சராசரி 87 வயசுள்ள 100 பேர வச்சு 10 வாரம் பண்ண ஆராய்ச்சில, பயிற்சி பண்ணவங்களுக்கு தசை பலம் 113 சதவீதம் கூடுச்சு, பயிற்சி இல்லாம சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு பெருசா மாற்றமே இல்ல. ஆனா பயிற்சியோட புரதமும் வேணும், கிலோ எடைக்கு 1-ல இருந்து 1.2 கிராம், அதாவது 50 கிலோ இருக்கற அம்மாவுக்கு 50-60 கிராம். ஹோம் சாப்பாட்டுல இட்லி, ரசம் சாதம், கஞ்சின்னு போனா அது எட்டாது. முட்டை ஒண்ணுல 6 கிராம் இருக்கு, மென்னு சாப்பிட முடிஞ்சா சாயங்காலம் சுண்டல், இல்லன்னா பருப்ப கெட்டியா, தயிர், பால். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர கேட்டு தான்.

கூப்பிட்டா வரவே மாட்டேங்கறாங்க. கட்டாயப்படுத்தலாமா?

வேணாம். முதல்ல ஏன்னு பாருங்க, வலியா, விழுந்துருவோம்னு பயமா, முந்தின ராத்திரி தூக்கம் இல்லையா, இல்ல "யாருக்காக நடக்கணும்"ங்கற வெறுப்பா. கடைசியா சொன்னது தான் நிறைய பேருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க. அவங்ககிட்ட எக்சர்சைஸ் பேச்சே எடுக்காம வேலை குடுங்க. ஒரு பாட்டி என் கூட ஒரு எட்டு வைக்க மாட்டாங்க, ஆனா கீரை ஆய கிச்சன்ல கூப்பிட்டா அம்பது அடி நடந்து போவாங்க, திரும்பி வரும் போது குப்பைய போட்டுட்டு வருவாங்க. சமையக்கார அக்காகிட்ட சொல்லி வச்சு தினமும் கூப்பிட வைக்கறோம்.

எப்ப உடனே நிறுத்தணும்?

நெஞ்சு வலி, திடீர்னு மூச்சு திணறல், கண்ண இருட்டிட்டு வர்றது, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிக்கறது, வாய் கோணறது, பேச்சு குழறறது. இதுல எதுன்னாலும் நிறுத்திட்டு டாக்டர், ஆம்புலன்ஸ் 108. விழுந்த பிறகு ஒரு கால் குட்டையா, பாதம் வெளிப்பக்கம் திரும்பி கெடந்தா எந்திரிக்க வைக்காதீங்க, அசைக்காம ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே வைங்க. நின்ன உடனே கிறுகிறுப்பு வர்றவங்களுக்கு படுத்து இருக்கும் போதும் நின்ன மூணு நிமிஷத்துக்குள்ளயும் பிரஷர் பாக்க சொல்லுங்க, மேல் அளவு 20 இறங்குதுன்னா மாத்திரைய டாக்டர் திரும்ப பாக்கணும்.

நாங்க மாசம் ஒரு தடவ தான் போறோம். எங்களால என்ன பண்ண முடியும்?

ரூம்ல கட்டில்ல உக்காந்து பேசிட்டு வராதீங்க. கைய பிடிச்சு வெளிய கூட்டிட்டு போங்க, வராண்டா கடைசி வரைக்கும், முடிஞ்சா கேட் வரைக்கும், நடுவுல ஒரு நாற்காலி போட்டு வைங்க. பேரன் பேத்திய எதிர்ல நிக்க வச்சு "வாங்க பாட்டி"ன்னு கூப்பிட சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க வீடியோ காலுக்கு ஹால்ல வைஃபை பக்கம் வர சொல்லுங்க, ரூமுக்கு போன எடுத்துட்டு வர வேணாம்னு ஹோம்ல சொல்லி வைங்க, ஒரு அண்ணன் அமெரிக்காவுல இருந்து அப்படி தான் பண்றாரு, தினம் ராத்திரி 7 மணிக்கு அவங்கம்மா வீடியோ காலுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே வாக்கர பிடிச்சுட்டு ரெடியா நிக்கறாங்க.